தகவல் தொடர்புச் செயல்முறையை வகுப்பில் செய்து காட்டுவது எப்படி? காதில் சொல்லி அனுப்பும் விளையாட்டு சரிப்படவில்லை

மேலூர் சாலை ஆசிரியை:

வணக்கம். மதுரையிலிருந்து மேலூர் போகிற சாலையில் உள்ள ஒரு கல்லூரியில் பி.காம். முதலாண்டுக்கு வணிகத் தகவல் தொடர்பு எடுக்கிறேன். வகுப்பில் 62 பேர். பாதிக்கு மேல் தமிழ் வழியில் படித்தவர்கள், கொட்டாம்பட்டி, நத்தம், அழகர்கோவில் பக்கத்து ஊர்களிலிருந்து காலையில் பஸ் பிடித்து வருகிறவர்கள், பலர் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள்.

முதல் அலகிலேயே தகவல் தொடர்புச் செயல்முறை வந்துவிடும். அனுப்புநர், குறியாக்கம் (நினைத்ததைச் சொல்லாகவோ குறியாகவோ மாற்றுவது), செய்தி, ஊடகம், பெறுநர், குறிவிலக்கம் (வந்ததைப் பொருளாகப் புரிந்துகொள்வது), பின்னூட்டம், இரைச்சல் (செய்தி சரியாகச் சேராமல் கெடுக்கிற எதுவும்). பெட்டி போட்டு அம்புக்குறி இழுத்துப் படம் வரையச் சொன்னால் அத்தனை பேரும் அச்சு மாறாமல் வரைந்துவிடுவார்கள். போன மாத உள்தேர்வில் அந்தக் கேள்விக்கு முக்கால்வாசிப் பேர் முழு மதிப்பெண்.

அதற்கடுத்த வாரம் உதவித்தொகைக்காக வருமானச் சான்று கேட்டிருந்தார்கள். வகுப்புத் தலைவனைக் கூப்பிட்டு "வருமானச் சான்று அசலும் ஒரு நகலும் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும், எல்லாரிடமும் சொல்லிவிடு" என்றேன். வெள்ளிக்கிழமை பார்த்தால் 11 பேர் சாதிச் சான்று கொண்டுவந்திருக்கிறார்கள், ஏழெட்டுப் பேரிடம் நகல் மட்டும், இரண்டு பேர் அடுத்த வெள்ளி என்று நினைத்து வெறுங்கையோடு வந்தார்கள். ஒரு பெண்ணின் அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைந்து வாங்கிக் கொடுத்திருந்தார், அது வேண்டாத சான்று. எனக்கு மனசே ஆறவில்லை. அந்த 11 பேரில் 9 பேர் உள்தேர்வில் அந்தப் படத்துக்கு முழு மதிப்பெண் வாங்கியவர்கள். அப்படியென்றால் நான் என்ன சொல்லிக்கொடுத்தேன்?

படத்தை விட்டுவிட்டுச் செய்துபார்க்க வைக்கலாம் என்று காதில் சொல்லி அனுப்பும் விளையாட்டை நடத்தினேன். முதல் பெஞ்சில் ஒரு வாக்கியம் சொன்னேன், கடைசி பெஞ்சில் வேறு ஏதோ வந்தது, சிரித்தார்கள், மணி அடித்துவிட்டது. மறுநாள் என்ன புரிந்தது என்று கேட்டால் "வாய் மாறினால் செய்தி மாறும் மேடம்" என்கிறார்கள். இரைச்சல் என்றால் இன்னமும் பஸ் ஹாரன்தான். பின்னூட்டம் என்றால் பதில் சொல்வது. அதற்கு மேல் நகரவில்லை.

பெஞ்சுகளை நகர்த்த முடியாது, 50 நிமிடப் பீரியட், கரும்பலகை உண்டு, புரொஜக்டர் இல்லை. இந்த நிலைமையில் என்ன செய்யலாம்? செய்துபார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

திருமங்கலத்து ஓய்வு வாத்தியார்:

மேடம், ஆசிரியர் பயிற்சியில் நெடுங்காலம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். உங்கள் விளையாட்டில் பெரிய குறை ஒன்று இருக்கிறது. அதில் கேட்பவன் திருப்பிக் கேட்கக் கூடாது. பின்னூட்டத்தை விதி போட்டுத் தடுத்துவிட்டு அதைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க முடியாது.

1951-இல் லெவிட், முல்லர் என்ற இரண்டு பேர் அமெரிக்காவில் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். செவ்வகங்களை ஒன்றையொன்று தொடும்படி அடுக்கிய ஒரு படம் சொல்பவரிடம் இருக்கும், அவர் வாயால் சொல்லச் சொல்ல மற்றவர்கள் வரைய வேண்டும். ஒரு சுற்றில் சொல்பவரும் கேட்பவரும் பார்த்துக்கொள்ளவே கூடாது, கேள்வியும் கூடாது. ஒரு சுற்றில் முகம் பார்க்கலாம், பேசக் கூடாது. ஒரு சுற்றில் ஆமாம், இல்லை மட்டும் சொல்லலாம். கடைசிச் சுற்றில் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். பின்னூட்டம் கூடக் கூடப் படம் சரியாக வந்தது, வரைந்தவர்களுக்குத் தாங்கள் வரைந்ததில் நம்பிக்கையும் கூடியது, ஆனால் நேரம் அதிகம் பிடித்தது. கேட்கவே விடாத சுற்றில் கேட்பவர்களுக்குச் சொல்பவர் மேல் கோபம் வந்தது. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நான் மறக்கவே மாட்டேன், ஏனென்றால் கேள்வி கேட்க விடாத வகுப்பு எத்தனை பார்த்திருக்கிறோம்.

உங்கள் வகுப்பில் இதை இரண்டு பேர் முதுகுக்கு முதுகு உட்கார்ந்து செய்யலாம். பெஞ்சை நகர்த்த வேண்டாம், ஒருவர் முன்னால் பார்த்து உட்கார்ந்தால் அடுத்தவர் திரும்பி உட்கார்ந்துகொள்ளட்டும். 31 ஜோடி வரும். நாலு செவ்வகம், ஒரு முக்கோணம் போதும், படத்தைச் சின்னத் தாளில் நகல் எடுத்துச் சொல்பவரிடம் மட்டும் கொடுங்கள். முதல் சுற்று 5 நிமிடம், கேள்வி கிடையாது. இரண்டாம் சுற்றுக்கு வேறு படம், கேள்வி கேட்கலாம், 10 நிமிடம். அவ்வளவு போதும், நான்கு சுற்றும் வைக்கப் பார்த்தால் பேசவே நேரம் இருக்காது.

நான் செய்தபோது ஒவ்வொரு வருடமும் நடந்தது இது. நம்ம ஊர்ப் பிள்ளைகள் "அங்கிட்டு ஒரு கோடு போடு, அப்படியே இங்கிட்டு இழு" என்பார்கள், கையையும் காட்டுவார்கள். முதுகுக்குப் பின்னால் இருப்பவனுக்கு எது அங்கிட்டு, எது இங்கிட்டு? சொல்பவனுக்கு அது பளிச்சென்று தெரிகிறது, ஏனென்றால் படம் அவன் கண் முன்னால் இருக்கிறது. அந்த இடத்தில் நிறுத்திப் பேசுங்கள். எந்தச் சொல்லைச் சொன்னாய், ஏன் அதைச் சொன்னாய், அது அவனுக்கு என்னவாகப் பட்டது என்று கேளுங்கள். குறியாக்கம், குறிவிலக்கம் என்ற இரண்டு சொல்லையும் அதற்கு அப்புறம் கரும்பலகையில் எழுதினால் போதும். நடந்த விஷயத்துக்குப் பெயர் வைப்பது போல் ஆகிவிடும்.

15 நிமிடம் செய்யச் சொன்னால் 25 நிமிடம் பேசுவதற்கு ஒதுக்குங்கள். பேசாமல் மணி அடித்துவிட்டால் அது வெறும் விளையாட்டுத்தான், உங்களுக்கு நடந்தது அதுவே.

செல்லூர் டீச்சர்:

சார் சொன்னதை நான் எட்டாம் வகுப்பில் செய்திருக்கிறேன், நல்லா வரும். ஆனால் செவ்வகத்துக்குப் பதிலாகப் புள்ளிக்கோலம் வைத்துப் பாருங்கள் மேடம். எங்கள் பள்ளியில் அதில்தான் பிள்ளைகளுக்கு விஷயம் பிடிபட்டது.

ஒரு கோலத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் 7 புள்ளி, மேலேயும் கீழேயும் 6, 5, 4 என்று குறைகிற ஊடுபுள்ளிக் கோலம். கோலம் போடத் தெரிந்த இரண்டு பேர் ஜோடியாக உட்கார்ந்தால் "ஊடுபுள்ளி 7, 4 வரைக்கும்" என்று ஒரே வரியில் புள்ளி முழுவதும் கைமாறிவிடும். அரை நிமிடம்கூட ஆகாது. கோலமே போடாத பையன்கள் ஜோடியாக இருந்தால் "முதல்ல ஒரு புள்ளி வை, பக்கத்துல இன்னொரு புள்ளி, எவ்வளவு தள்ளியா, ஒரு விரல்கடை தள்ளி" என்று பத்து நிமிடம் போகும், அதிலும் வரிசை கோணலாகிவிடும். கடைசியாக, கோலம் தெரிந்த பெண்ணையும் தெரியாத பையனையும் ஜோடி சேருங்கள். அவள் "ஊடுபுள்ளி" என்பாள், அவன் விழிப்பான். அவள் அவனுக்குப் புரிகிற மாதிரி அதை உடைத்துச் சொல்லியாக வேண்டும், ஒரு வரிசையின் இரண்டு புள்ளிக்கு நடுவில் வருகிற மாதிரி அடுத்த வரிசைப் புள்ளியை வை என்று. அந்த இடம்தான் எனக்கு முக்கியம். அவள் எவ்வளவு நல்லாச் சொன்னாலும் அவனிடம் ஏற்கெனவே இருக்கிறதை வைத்துத்தான் அவனால் புரிந்துகொள்ள முடியும்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம் சேருங்கள். சொல்பவர் முடிவில் "மொத்தம் 37 புள்ளி வரணும்" என்று சொல்லட்டும். 36 வந்தவன் தானே தேடி, எந்த வரிசையில் விட்டான் என்று கண்டுபிடிப்பான். யாரும் தப்பு என்று சொல்லாமலே தப்பு தெரிந்துவிட்டது இல்லையா. ஒரே விஷயத்தை இரண்டு விதமாகச் சொல்வதில் எவ்வளவு பாதுகாப்பு இருக்கிறது என்று அவர்களுக்கே புரியும்.

வங்கிக்காரர், அண்ணா நகர்:

டீச்சர் சொன்ன 37 புள்ளிக்கு வணிகவியல் மாணவர்களிடம் சொல்ல ஒரு நல்ல உதாரணம்: காசோலை. தொகையை எண்ணாலும் எழுதுகிறோம், எழுத்தாலும் எழுதுகிறோம். ஒன்று போதாதா என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். இரண்டும் மாறுபட்டால் எழுத்தால் எழுதியதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு சொல்கிறது. எண்ணில் ஒரு சுழி கூடிவிடுவது எளிது, எழுத்தில் "ஆயிரம்" தானாக "பத்தாயிரம்" ஆகாது. ஆதார் எண்ணிலும் 12-ஆவது இலக்கம் முந்தைய 11 இலக்கங்களிலிருந்து கணக்குப் போட்டு வருகிற சரிபார்ப்பு இலக்கம்தான். இரைச்சல் இருக்கும் என்று தெரிந்தே செய்துவைத்த ஏற்பாடுகள் இவை.

கவுன்டரில் உட்கார்ந்து நான் பார்ப்பது ஒன்று. "புரிஞ்சுதா" என்று கேட்டால் வயசானவர்கள் எல்லாரும் தலையாட்டுவார்கள். "நீங்க வீட்டுல போய் என்ன சொல்லுவீங்க, எங்கிட்ட ஒருக்கா சொல்லுங்க ஐயா" என்று கேட்டால்தான் எது போய்ச் சேரவில்லை என்று தெரியும்.

நூலகவாசி:

காதில் சொல்லும் விளையாட்டை அடியோடு விட்டுவிட வேண்டாம் மேடம், அதைக் கொஞ்சம் திருத்தினால் போதும். 10 பேர் மட்டும் ஆடட்டும், மற்றவர்கள் பார்க்கட்டும். ஒவ்வொருவரும் காதில் கேட்டதை அடுத்தவரிடம் சொன்ன கையோடு ஒரு துண்டுத் தாளில் எழுதி மடித்து வைத்துக்கொள்ள வேண்டும். முடிந்ததும் 10 தாளையும் வரிசையாகக் கரும்பலகையில் எழுதுங்கள். எந்த இடத்தில் எந்தச் சொல் விழுந்தது என்று கண்ணால் பார்க்கலாம்.

சொல்கிற செய்தியும் முக்கியம். சும்மா ஒரு பழமொழி வேண்டாம். "வெள்ளிக்கிழமை காலை 5.40 மணிக்கு ஆரப்பாளையத்திலிருந்து உசிலம்பட்டி வழியாகத் தேனி போகிற பஸ்ஸில் பெரியப்பா வருகிறார், மருந்துப் பை அவரிடம் இருக்கிறது, செக்கானூரணியில் நின்று வாங்கிக்கொள்" என்பது போல எண், இடம், ஆள், வேலை நாலும் கலந்த செய்தி. எண்தான் சீக்கிரம் கழன்றுவிடுகிறது. தெரியாத ஊர்ப் பெயர் தெரிந்த ஊர்ப் பெயராக மாறும். நான் செய்தபோது ஆரப்பாளையம் நாலாவது ஆளிடமே மாட்டுத்தாவணி ஆகிவிட்டது, ஏனென்றால் அந்தப் பையன் தினமும் ஏறுவது மாட்டுத்தாவணியில். தேனி பஸ் அங்கிருந்தா போகும் என்று அவன் யோசிக்கவில்லை, தனக்குப் பழகியதைப் போட்டு நிரப்பிவிட்டான். உங்கள் 11 பேர் சாதிச் சான்று கொண்டுவந்ததும் இதுவாக இருக்கலாம். அவர்கள் அதற்கு முன் கல்லூரியில் சேரும்போது கொடுத்த சான்று எது என்று கேட்டுப்பாருங்கள்.

பார்ட்லெட் என்ற இங்கிலாந்து உளவியலாளர் ஒரு செவ்விந்தியக் கதையை இப்படி ஆள் மாற்றி ஆள் சொல்ல வைத்து, 1932-இல் புத்தகமாக எழுதினார். கதை சுருங்கிக்கொண்டே போனது, கேட்டவர்களுக்குப் பழக்கமில்லாத விஷயங்கள் அவர்களுக்குப் பழகிய விஷயங்களாக மாறின. அதையேதான் உங்கள் 10 தாளில் பார்ப்பீர்கள்.

இன்னொன்று, ஐந்தே நிமிடம் போதும். ஒருவர் மனதுக்குள் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே மேசையில் தாளம் மட்டும் தட்ட வேண்டும், மற்றவர் என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். தட்டுவதற்கு முன் "எத்தனை பேர் கண்டுபிடிப்பார்கள்" என்று தட்டுகிறவரிடம் கேட்டுக் கரும்பலகையில் எழுதிவைத்துவிடுங்கள். 1990-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் தன் ஆய்வுக்காக இதைச் செய்தபோது, பாதிப் பேர் கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டில் கண்டுபிடித்தது 3. தட்டுகிறவர் காதில் பாட்டு முழுசாக ஓடிக்கொண்டிருக்கிறது, கேட்பவருக்கு டக் டக் என்ற சத்தம்தான். வாத்தியார் வேலையில் இருக்கிற ஒவ்வொருவரும் ஒரு முறையாவது தட்டிப்பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

ஊடகத்துறை முன்னாள் மாணவர்:

எல்லாரும் நல்லதாகச் சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் செயல்பாடு முடிந்ததும் எந்தப் படத்தோடு அதைப் பொருத்துகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும் மேடம். பாடநூல்களில் நாலைந்து பேர் படத்தை ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். 1948-இல் கிளாட் ஷானன் பெல் ஆய்வகத்தில் இருந்துகொண்டு எழுதிய கட்டுரையில் வருகிற படத்தில் பின்னூட்டமே கிடையாது. அவர் பார்த்தது தொலைபேசிக் கம்பியில் சமிக்ஞை கெடாமல் எப்படிப் போகும் என்பதை. செய்தியின் பொருள் என்ன என்பது இந்தப் பொறியியல் பிரச்சினைக்குச் சம்பந்தமில்லை என்று அவரே ஆரம்பத்தில் எழுதிவிட்டார். இரைச்சல் என்ற சொல்லும் அங்கிருந்து வந்தது, அதனால்தான் பிள்ளைகளுக்கு அது சத்தமாகவே தோன்றுகிறது. பின்னூட்டம் என்ற கருத்து நார்பர்ட் வீனர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் வழியாகப் பரவியது, அவருடைய நூலும் அதே 1948. சொல்பவர் அனுபவ வட்டமும் கேட்பவர் அனுபவ வட்டமும் ஒன்றன் மேல் ஒன்று விழுகிற படம் வில்பர் ஷ்ராம் 1954-இல் போட்டது. செல்லூர் டீச்சர் சொன்ன கோலம் அப்படியே ஷ்ராமின் படம்தான். வெறும் சத்தத்துக்கு ஷானன், ஊடுபுள்ளிக்கு ஷ்ராம் என்று பிரித்துச் சொன்னால் பிள்ளைகள் குழம்ப மாட்டார்கள், 10 மதிப்பெண் விடையிலும் அதை எழுதலாம்.

சத்தமில்லாத இரைச்சலுக்கு நம்ம மதுரையிலேயே உதாரணம் கிடக்கிறது. வெளியூர்க்காரரிடம் "மேல மாசி வீதி" என்று சொல்லிப்பாருங்கள். மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு என்று நமக்குத் தெரியும். கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் அடுக்கடுக்காகப் போவது தெரிந்தவனுக்கு அந்த மூன்று சொல்லில் இடமே கிடைத்துவிடும். தெரியாதவன் மேட்டில் இருக்கிற தெரு என்று நினைப்பான். காது நன்றாகக் கேட்டது, ஒரு ஹாரனும் அடிக்கவில்லை, ஆனாலும் செய்தி சேரவில்லை. சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதை நாம் சொல்கிற மாதிரி வெஞ்சனம் என்று சென்னைக்காரரிடம் கேட்டாலும் இதே கதை.

ஒரு எச்சரிக்கை. உடல்மொழி 55 சதவீதம், குரல் 38, சொல் 7 என்று ஒரு கணக்கு எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்கிறார்கள். தயவுசெய்து அதைச் சொல்லிக்கொடுக்காதீர்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் செய்த சோதனைகள் பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்கிற உணர்வைப் பற்றியவை. சொல் ஒன்றாகவும் முகமும் குரலும் வேறாகவும் இருந்தால் கேட்பவர் எதை நம்புகிறார் என்பதுதான் அதில் விஷயம். எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தும் என்றால் உங்கள் "வருமானச் சான்று" என்ற சொல்லை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தே 93 சதவீதம் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

உசிலம்பட்டி தமிழாசிரியர்:

இதையெல்லாம் வெளியிலிருந்து வந்த பாடமாகவே பிள்ளைகள் நினைத்துக்கொள்ளக் கூடாது என்று எனக்கு ஆசை. தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுளுக்கு 34 உறுப்புகள் சொல்கிறார். அதில் வரிசையாகக் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் வருகின்றன. யார் சொல்வது, யார் கேட்பது, எந்த இடம், எந்த நேரம், என்ன விளைவு. கொஞ்சம் தள்ளி எச்சம், முன்னம் என்று இரண்டு. எச்சம் என்பது சொல்லாமல் விட்டதைக் கேட்பவர் சொல்லாலோ குறிப்பாலோ நிரப்பி முடித்துக்கொள்வது. முன்னம் என்பது இந்த இடத்தில் இந்தப் பேச்சு இவர் இவரிடம் பேசத் தக்கது என்று அறிய வைப்பது. ஹரால்ட் லாஸ்வெல் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் 1948-இல் யார், என்ன, எதன் வழியாக, யாருக்கு, என்ன விளைவோடு என்று ஐந்து கேள்வி கேட்டார் அல்லவா, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன், தொல்காப்பியர் பேசியது கவிதையைப் பற்றி. ஆனால் கேட்பவரையும் இடத்தையும் சேர்க்காமல் ஒரு பேச்சைப் புரிந்துகொள்ள முடியாது என்பதை அவர் கணக்கில் வைத்திருக்கிறார்.

முன்னத்துக்கு நான் ஒரு பயிற்சி வைப்பேன். "நாளைக்கு என்னால் வர முடியாது" என்ற ஒரே செய்தியை நாலு பேருக்குச் சொல்ல வேண்டும். கூடப் படிக்கிற நண்பனுக்கு, ஊரில் இருக்கிற அப்பத்தாவுக்கு, துறைத்தலைவருக்கு, பகுதிநேரமாக வேலை பார்க்கிற கடை முதலாளிக்கு. நாலையும் தனித்தனித் தாளில் பெயர் போடாமல் எழுதிக் கலக்கிவிட்டு, எது யாருக்கு என்று மற்றவர்கள் பிரிக்க வேண்டும். அனேகமாகத் தப்பாமல் பிரித்துவிடுவார்கள். எந்தச் சொல்லை வைத்துக் கண்டுபிடித்தாய் என்று அப்புறம் கேளுங்கள். அப்பத்தாவுக்கு எழுதியதில் காரணம் நீளமாக இருக்கும், "கோவிச்சுக்காத" இருக்கும். முதலாளிக்கு எழுதியதில் பதிலுக்கு யாரை அனுப்புகிறேன் என்பது இருக்கும். வணிகக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுக்கவும் இது நல்ல தொடக்கம்.

சந்தைக்காரர் மகன்:

மேடம், நான் ஆசிரியர் இல்லை, எம்.காம். படிக்கிறேன், அப்பா மாட்டுத் தரகு பார்க்கிறார். சின்ன வயசிலிருந்து சந்தையில் பார்த்ததைச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படலாம். மாட்டுக்கு விலை பேசும்போது துண்டைக் கை மேல் போட்டுக்கொண்டு உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். சுற்றி 20 பேர் நின்றாலும் ஒருவருக்கும் விலை தெரியாது. இரண்டு விரலைப் பிடித்தால் இரண்டு, அது இரண்டு ஆயிரமா இருபது ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இரண்டு பேருக்கும் தெரியும், அதை விரல் சொல்வதில்லை. புதுசாக வருகிற ஆளுக்கு அங்கேதான் தடுமாற்றம் வரும். வேண்டாம் என்றால் கையை உதறிவிடுவார்கள், அதுதான் பதில். வாயில் வேறு ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார்கள், மழை, தீவனம், பேரன் படிப்பு. அந்தப் பேச்சு சுற்றி நிற்பவர்களுக்கு.

வகுப்பில் ஒரு துண்டு போதும். இரண்டு பேரை நிறுத்தி ஒரு சைக்கிளுக்கு விலை பேசச் சொல்லுங்கள், மற்றவர்கள் சுற்றி நின்று முகத்தைப் பார்த்து விலையைக் கண்டுபிடிக்கட்டும். ஊடகம் என்றால் போன், மெயில் என்று மட்டும்தான் நாங்களும் எழுதினோம், எங்க வீட்டுத் துண்டும் ஊடகம்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்லலாம். முன்னெல்லாம் ஊரில் தமுக்கு அடித்துத்தான் செய்தி சொல்வார்கள். 2022-இல் அரசு தண்டோரா போடுவதை நிறுத்தச் சொல்லி, வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லலாம் என்றது. அடிக்கிறவர்களின் மரியாதைக்காக எடுத்த முடிவு அது, சரியான முடிவு. ஆனால் தமுக்குக்காரரிடம் நின்று "என்னப்பா, எந்தத் தேதி" என்று கேட்க முடிந்தது, வண்டி நிற்காமல் போய்விடுகிறது. ஊடகம் மாறினால் கேட்கிறவர் செய்யக்கூடியதும் மாறுகிறது என்பதற்கு இது சரியாக வரும் என்று நினைக்கிறேன்.

மேலூர் சாலை ஆசிரியை:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், செய்துபார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

கோலத்தை எடுத்துக்கொண்டேன். செல்லூர் டீச்சர் சொன்ன 7, 4 வரை ஊடுபுள்ளி. முதல் நாள் கோலம் தெரிந்தவர்கள் ஒரு பக்கம், தெரியாதவர்கள் ஒரு பக்கம். இரண்டாம் நாள் கலந்து உட்கார வைத்தேன். ஒரு பையன் கோலம் நன்றாகப் போடுவான் என்பது அன்றைக்குத்தான் வகுப்புக்கே தெரிந்தது, அம்மாவுக்கு உடம்பு முடியாததால் மார்கழி முழுவதும் அவன்தான் வாசலில் போடுகிறானாம். அவனுடைய ஜோடி கோலமே தெரியாத பெண். அவன் ஊடுபுள்ளி என்று சொல்லிவிட்டு, அவள் பேசாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு, "செங்கல் அடுக்குற மாதிரி" என்றான். அவள் அப்பா கொத்தனார். உடனே போட்டுவிட்டாள். ஒரு வரிசை செங்கலின் இணைப்புக்கு மேல் அடுத்த செங்கல் உட்கார்வது அவளுக்குத் தெரிந்ததுதானே. நான் அந்த ஜோடியை முன்னால் கூப்பிட்டு நடந்ததை அப்படியே திருப்பிச் சொல்லச் சொன்னேன். ஓய்வு வாத்தியார் சார் சொன்னபடி, அதற்குப் பிறகுதான் கரும்பலகையில் குறியாக்கம் என்று எழுதினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் "அப்ப அவ யோசிச்சது குறிவிலக்கம், அவ சும்மா இருந்தது பின்னூட்டம், சரியா மேடம்?" என்று கேட்டான். பேசாமல் இருப்பதும் பின்னூட்டம் என்று நானே அதுவரை வகுப்பில் சொன்னதில்லை.

நூலகவாசி கேட்கச் சொன்னதைக் கேட்டேன். 11 பேரில் 8 பேர் கல்லூரியில் சேரும்போது சாதிச் சான்று கொடுத்தவர்கள், "சான்று" என்று காதில் விழுந்ததுமே அதுதான் என்று நினைத்துவிட்டார்கள். மீதிப் பேர் வாட்ஸ்அப்பில் "சர்டிபிகேட் அசல் நகல் வெள்ளி" என்று வந்ததை மட்டும் பார்த்திருக்கிறார்கள். வகுப்புத் தலைவன் மேல் தப்பில்லை, நான் ஒரு தடவை சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன், அவன் சொன்னதைத் திருப்பிக் கேட்கவில்லை.

போன வியாழக்கிழமை பஸ் பாஸுக்கு விண்ணப்பம் கொடுக்கச் சொல்லி வந்தது. வங்கி சார் சொன்ன மாதிரி மூன்று பேரை எழுப்பி "வீட்டில் என்ன சொல்வீர்கள்" என்று கேட்டேன். இரண்டாவது பிள்ளை போட்டோ எத்தனை என்பதை விட்டுவிட்டாள், பக்கத்திலிருந்தவன் "மொத்தம் மூணு பேப்பர் மேடம், 37 புள்ளி மாதிரி எண்ணிக்கலாம்" என்றான். விண்ணப்பம், போட்டோ, முகவரிச் சான்று என்று கரும்பலகையில் எழுதி, எண்ணிக்கையையும் போட்டேன். திங்கட்கிழமை 62 பேரில் 60 பேர் சரியாகக் கொண்டுவந்தார்கள். மற்ற இரண்டு பேர் வியாழக்கிழமை விடுப்பு. விடுப்பில் இருப்பவருக்கு எப்படிச் சேர்ப்பது என்று இப்போது அவர்களே ஒரு ஏற்பாடு பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

செவ்வகமும் தாளம் தட்டுவதும் இன்னும் செய்யவில்லை. தமிழாசிரியர் ஐயாவின் நாலு தாள் பயிற்சி கடிதம் எழுதும் அலகுக்காக வைத்திருக்கிறேன்.

சந்தைக்காரர் மகன் தம்பிக்கு: உங்கள் அப்பாவை ஒரு நாள் வகுப்புக்கு அழைத்து வர முடியுமா? துண்டு விஷயத்தை நான் செய்து காட்டுவதைவிட அவர் செய்து காட்டினால் பிள்ளைகளுக்கு நன்றாகப் பதியும். பஸ் நிறுத்தத்துக்கு நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன், துறையிலும் அனுமதி கேட்டுவிட்டேன்.

சந்தைக்காரர் மகன்:

கேட்டுவிட்டேன் மேடம். காலேஜில் போய் நான் என்ன பேசுவது என்று முதலில் தயங்கினார், பேச வேண்டாம், விரல் பிடித்தால் போதும் என்றேன். சந்தை இல்லாத நாளாக, அடுத்த புதன்கிழமை காலை வருகிறோம். திருப்பிச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள்: புதன்கிழமை, 11 மணிப் பீரியட், மேலூர் சாலையில் கல்லூரி நிறுத்தத்தில் இறங்கி உங்களுக்குப் போன் பண்ண வேண்டும். துண்டு அவரே கொண்டுவருவார்.